கென்னடியைக் காணவில்லை

ஜூன் 10, திங்கள்

நேற்று மதியம் வெளியே போன தம்பி கென்னடி இன்னும் வரவில்லை. இன்று காலை ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன். ஏட்டு பரமசிவம் என்று ஒருவர், ஓய்வு பெறும் வயது. பெயர், வயது, உயரம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"நிறம்?"

"மாநிறம்."

பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "உங்க நிறமுங்களா, இல்ல இன்னும் கம்மியா?"

"என் நிறந்தான் சார்."

"கடைசியா எங்க பாத்தீங்க?"

"வீட்டுலதான்."

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. மூன்று வயதில் வந்த மூளைக்காய்ச்சல் அவனை அந்த வயதிலேயே உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டது. இருபது முப்பது வார்த்தைகள் பேசுவான். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா அவனுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்றுதான். "யாருடா நீ?" என்று கேட்டால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "அமெரிக்கா ஜனாதிபதி!" என்பான். அப்பா அந்த ஜனாதிபதியின் படத்தை வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தவர். மகளுக்கு ஜாக்குலின், மகனுக்குக் கென்னடி என்று பெயர் வைத்தார். அவை புருஷன் பெண்டாட்டியின் பெயர்கள் என்பதை எட்டாம் வகுப்பில் வரலாற்று டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் முழுக்க வகுப்பில் என்னை ஓட்டித் தீர்த்தார்கள்.

ஜனாதிபதி விஷயத்தை ஏட்டிடம் சொல்லவில்லை. ஏற்கெனவே நாலு பேர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூன் 11, செவ்வாய்

போஸ்டர் அடிக்க மேட்டுப்பட்டியில் சவரிமுத்து அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனேன். இரண்டு படங்கள் கொண்டுபோனேன். ஒன்று மாற்றுத்திறனாளி பஸ் பாஸில் இருப்பது. நல்ல வெயிலில் எடுத்தது, கரியில் பிடித்து வைத்தது போல இருக்கிறான், கண் மட்டும் முழிக்கிறது. திருடன் படம் மாதிரி. இன்னொன்று சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்தது, நீலக் கட்டம் போட்ட சட்டையில் சாம்பார் கறையோடு சிரிக்கிறான்.

கல்யாணப் படத்தையே எடுத்துக்கொண்டோம். அண்ணன் கம்ப்யூட்டரில் எதையோ இழுத்தார். கென்னடியின் முகம் சோப்புப் போட்டுக் கழுவினது போல வெளுத்து வந்தது. கறைச் சட்டையை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டை போட்டார். எம்.எல்.ஏ.வுக்கும் காதுகுத்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் அவர் போடுகிற அதே சட்டை. ஊரில் பாதிப் பேரை அந்த ஒரே சட்டையில்தான் அனுப்பி வைத்திருக்கிறார்.

"போதுமாம்மா?" என்று கேட்டார். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

படம் நன்றாக வந்திருக்கிறது. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறான்.

ஜூன் 13, வியாழன்

பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன், பெரியாஸ்பத்திரி வாசல் என்று நூறு போஸ்டர் ஒட்டியாயிற்று. பசை வாளியைத் தூக்கித் தூக்கி வலது தோள் போயிற்று.

பிழைப்பையும் பார்க்க வேண்டும். சென்னையில் வின்சென்ட் நடத்தும் யூடியூப் சேனலுக்கு அமெரிக்காவைப் பற்றி வாரம் ஒரு கதை எழுதிக்கொடுப்பது என் வேலை. அமெரிக்காவை நான் பார்த்ததில்லை, வின்சென்ட்டும் பார்த்ததில்லை. இந்த வாரம் கரடி பொம்மை. 1902இல் ஒரு ஜனாதிபதி வேட்டைக்குப் போனார். கூட வந்தவர்கள் ஒரு கரடியை அடித்துப் பிடித்து மரத்தில் கட்டி வைத்து, சுடுங்கள் என்றார்கள். கட்டிப்போட்டதைச் சுட மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். பத்திரிகையில் கார்ட்டூன் வந்தது, பொம்மைக் கடைக்காரர் அவர் பெயரையே பொம்மைக்கு வைத்தார். இதுவரை எல்லோருக்கும் தெரியும். அந்தக் கரடி ஏற்கெனவே குற்றுயிராகக் கிடந்ததால், அதைக் கொன்றுவிடச் சொன்னவரும் அவர்தான். கத்தியால் முடித்தார்கள்.

வின்சென்ட் போனில் சொன்னான்: "அக்கா, கரடி செத்தத வெட்டிருவோம். புள்ளைங்க பாக்குற சேனல்."

வெட்டிவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சில் பூசைக்குப் போனேன். மன்றாட்டில் சாமியார் கென்னடியின் பெயரைச் சொன்னார். முன் பெஞ்சில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜூன் 18, செவ்வாய்

அடுத்த கதைக்கான விஷயத்தை வின்சென்ட் அனுப்பியிருக்கிறான். தலைப்பைப் பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். அவனுக்குக் கென்னடி விஷயம் தெரியாது. பாவம், அவனைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

அமெரிக்காவில் எண்பதுகளில் காணாமல் போன பிள்ளைகளின் படத்தைப் பால் அட்டைப்பெட்டியில் அச்சடித்தார்களாம். அயோவா என்று ஒரு மாநிலம். பேப்பர் போடப் போன பையன் ஒருவன் காணாமல் போனான். இரண்டு வருஷம் கழித்து அதே ஊர்ப் பக்கம் இன்னொரு பேப்பர் போடும் பையன். அந்த ஊர் பால் கம்பெனிதான் முதலில் இருவர் படத்தையும் பெட்டியில் போட்டது. சில மாதங்களில் நாடு முழுக்க எழுநூறு பால் கம்பெனிகள். ஒவ்வொரு வீட்டிலும் காலைப் பலகாரத்தோடு மேஜையில் ஒரு காணாமல் போன முகம்.

இதை ஏன் நம் ஊரில் யாரும் யோசிக்கவில்லை? பால் வாங்காத வீடு எது? விடிந்ததும் எல்லோரும் முதலில் கையில் எடுப்பது அந்தப் பாக்கெட்டைத்தானே. எட்டு நாளில் முதல்முறையாக இன்று இரண்டு வேளை சாப்பிட்டேன்.

ஜூன் 19, புதன்

நத்தம் ரோட்டில் உள்ள தனியார் பால் கம்பெனிக்குப் போனேன். மேனேஜர் இளங்கோ நல்ல மனிதர். நாற்காலி போட்டு உட்கார வைத்து, பாதாம் பால் கொடுத்து, நான் சொன்ன அமெரிக்கக் கதை முழுவதையும் கேட்டார்.

"மேடம், பாக்கெட் பிலிம் மூணு மாசத்துக்கு ஒரேடியா அடிச்சு வந்திருது. அத விடுங்க. நம்ம சனம் பாக்கெட் மூலையக் கத்தரியால வெட்டித்தான் பால ஊத்தும். ஒரு மனுசன் மூஞ்சிகிட்ட எப்படி மேடம் கத்தரிய வைக்கும்?"

நான் எழுந்தபோது அவரே கூப்பிட்டார்.

"போஸ்டர் இருந்தாக் குடுங்க. எங்க வண்டி அறுபது பூத்துக்குப் போகுது. டிரைவருங்ககிட்ட குடுத்து எல்லா பூத்துலயும் ஒட்டச் சொல்றேன். பால் வாங்க வர்றவங்க பாத்துத்தான ஆகணும்?"

மிச்சமிருந்த நூறையும் கொடுத்துவிட்டு வந்தேன். வரும் வழியில் அழுதேன். நல்ல அழுகைதான்.

ஜூன் 22, சனி

போன் மேல் போன். அறுபது பூத் வேலை செய்கிறது.

பழனியில் ஒருவர் பார்த்தாராம், போய்ப் பார்த்தால் வடநாட்டுச் சாமியார். ஒட்டன்சத்திரத்தில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட்டைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அந்த மனிதர் போனைப் பிடுங்கி, "யம்மா, என் மூஞ்சியப் போட்டு எதுக்கும்மா போஸ்டர் ஒட்டுற?" என்று கத்தினார். வத்தலக்குண்டில் இன்னொரு ஆள், எலுமிச்சம்பழ நிறம், பேங்க் வேலை.

ஜனங்களுக்குக் கண் எங்கே இருக்கிறதோ தெரியவில்லை.

ஜூன் 27, வியாழன்

ஸ்டெல்லா அத்தை வந்தாள். திருச்சிக்காரர்களுக்குச் சம்மதமாம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், மனைவி இறந்து நாலு வருஷம், பிள்ளை இல்லை. எனக்கு முப்பத்தெட்டு. இனி ஒருவர் வருவார் என்று நானும் நினைக்கவில்லை, அத்தையும் நினைக்கவில்லை.

"தம்பி துபாய்ல இருக்கான்னு அன்னைக்கு நான் சொன்னதை அப்படியே வச்சுக்க. அவன் கெடைச்சதுக்கப்புறம் பதமாச் சொல்லிக்கலாம். போஸ்டர் திருச்சிப் பக்கம் போகலயில்ல?"

"போகல அத்தை."

"போனாலும் பரவால்ல. படத்துல கௌரவமாத்தான் இருக்கான்."

அத்தைக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். அவர்கள் பெண் பார்க்க வந்தது இந்த மாதம் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. இதை இங்கே எழுதி வைக்கக் காரணம் ஒன்றுமில்லை.

ஜூலை 1, திங்கள்

நாள் பூராவும் மழை. போஸ்டரெல்லாம் நனைந்திருக்கும்.

ஜூலை 4, வியாழன்

இன்று அமெரிக்கச் சுதந்திர தினம். பால் பெட்டிக் கதையை இன்று ஏற்றியே ஆக வேண்டும் என்று வின்சென்ட் நிற்கிறான். எழுதி முடித்தேன்.

முழுக்கப் படித்த பிறகுதான் தெரிகிறது, அந்தப் பெட்டிகளால் கிடைத்த பிள்ளைகள் மிகக் கொஞ்சம். அயோவாப் பையன்கள் இருவரும் இன்றுவரை கிடைக்கவில்லை. காலையில் அந்த முகங்களைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று குழந்தை வைத்தியர்கள் சொன்னார்கள். நாலைந்து வருஷத்தில் நிறுத்திவிட்டார்கள். காணாமல் போன கறுப்பினப் பிள்ளைகளின் முகங்களை யாரும் அவ்வளவாகத் தேடவில்லை, அழுததெல்லாம் வெள்ளை முகங்களுக்குத்தான் என்று பிற்பாடு பலர் எழுதியிருக்கிறார்கள். அந்த இடத்தில் நிறுத்திவிட்டு எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

ஒரு சிறுமியின் கதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. அவளைத் தூக்கிக்கொண்டு போனவரோடு கடைக்குப் போனபோது, பால் பெட்டியில் தன் முகத்தைத் தானே பார்த்தாளாம். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தன் முகம் தெரிந்தது. அதை வைத்தே கடைசியில் கிடைத்துவிட்டாள்.

"இதுதான்கா கிளைமாக்ஸ்!" என்று வின்சென்ட் துள்ளினான். அதையே முடிவாக வைத்தேன்.

ஜூலை 9, செவ்வாய்

ஏட்டு பரமசிவம் கூப்பிட்டார்.

"புகார்ல இல்லாத ஒண்ணு கேக்கணும்மா. ஒங்க தம்பி தன்னைய அமெரிக்கா ஜனாதிபதின்னு சொல்லிக்குவாரா?"

ஆமாம் என்றேன்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாமேம்மா."

ஜூலை 10, புதன்

கரூர் போகிற வழியில் வல்லக்குளம் பிரிவு. ஒரு பஸ் நிழற்குடை, ஒரு டீக்கடை, ஒரு பால் பூத். அவ்வளவுதான் ஊர். திண்டுக்கல்லிலிருந்து முக்கால் மணி நேரம்.

கென்னடி இருபது நாளுக்கு மேல் அந்த நிழற்குடையில் உட்கார்ந்திருக்கிறான். வயிற்றுப்போக்கு வந்து ஜூலை ஒன்றாம் தேதி மழையில் அங்கேயே படுத்துவிட்டான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடையாளம் தெரியாத ஆண், கறுப்பு நிறம் என்று எழுதி ஒரு வாரம் வைத்திருந்தார்கள். காணாமல் போனவர் பட்டியலில் அந்த அடையாளத்தில் யாருமில்லை. நேற்று முன்தினம் புதைத்தாயிற்று. போலீஸார் எடுத்த படத்தை மட்டும் காட்டினார்கள். அவன்தான்.

அந்தப் பகுதி ஸ்டேஷனில் அவனை 'ஜனாதிபதி' என்றே சொல்லிக்கொண்டார்களாம். பரமசிவம் சார் வேறு வேலையாக அங்கே போன இடத்தில் அது காதில் விழுந்திருக்கிறது. கென்னடி என்ற பெயரை வெறும் பெயராகப் பார்க்காத வயது அவருக்கு.

டீக்கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும். பேசும்போது துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். காலையில் டீ, மத்தியானம் மிச்சமிருக்கிற வடை, எல்லாம் கொடுத்திருக்கிறார்.

"யாருப்பான்னு கேட்டா சல்யூட் அடிச்சு அமெரிக்கா ஜனாதிபதிம்பாப்ல. சிரிப்போம். நெழல்ல இருந்து எந்திரிச்சு இங்கிட்டு வாங்கன்னா வரமாட்டாப்ல. 'அக்கா வரும், அக்கா வரும்'னு அங்கனயே ஒக்காந்திருப்பாப்ல."

பால் பூத்தின் சுவரில் என் போஸ்டர் இருந்தது. நிழற்குடையிலிருந்து பத்தடி இருக்கும்.

"இதப் படிக்கலயாங்க?" என்று கேட்டேன்.

"தெனம் படிச்சேங்க. பால் வாங்கப் போறப்பல்லாம் இதுல இருக்கவரு எங்கயாச்சும் தட்டுப்படுறாரான்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனா இதுல இருக்கவரு செவப்பா, பெரிய எடத்து ஆளாட்டம் இருக்காப்லங்க."

"பேரு போட்டிருக்கே, கென்னடின்னு."

"கென்னடி ஊருக்கு ரெண்டு பேரு இருக்காகளே. காலைல வர்ற மினி பஸ் கண்டக்டர் பேரே கென்னடிதான். அதுக்கும் அமெரிக்காவுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பிறகு, சொல்ல வேண்டாம் என்று நினைத்திருந்ததையும் சொல்லிவிட்டார்.

"அவரும் அந்தப் போஸ்டர்கிட்ட மட்டும் எந்திரிச்சுப் போய் நிப்பாப்ல. படத்தத் தொட்டு, 'யாரு, யாரு'ம்பாப்ல. யாரோ காணாமப் போனவருப்பான்னு சொன்னேன்." துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். "'பாவம்'னாப்ல."

ஜூலை 11, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

ஜூன் ஒன்பது. திருச்சிக்காரர்கள் மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. ஒன்றரை மணிக்கு நான் கென்னடியைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப்போனேன். இரண்டு பஜ்ஜி வாங்கிக்கொடுத்து பெஞ்சில் உட்கார வைத்தேன். "அக்கா வர்ற வரைக்கும் இங்கயே இருக்கணும், எந்திரிக்கக் கூடாது" என்றேன். தலையாட்டினான். பஸ் பாஸை எடுக்கவில்லை, சீக்கிரம் திரும்பிவிடலாம் என்றுதான். அவர்கள் பேசிப் பேசி ஆறு மணிக்குத்தான் எழுந்தார்கள். கேசரி நன்றாக இருக்கிறது என்றார்கள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடியபோது பெஞ்சில் எண்ணெய்க் காகிதம் மட்டும் இருந்தது.

யாராவது எழுப்பிவிட்டிருப்பார்கள். சல்யூட் அடித்து ஏதோ பஸ்ஸில் ஏறியிருப்பான். கண்டக்டர்கள் அவனிடம் டிக்கெட் கேட்பதில்லை. எங்கோ இறக்கிவிட்டிருப்பார்கள். அங்கேயும் ஒரு பஸ் ஸ்டாப்பைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். நான் அப்படித்தான் சொல்லியிருந்தேன். என் சொல்லை மீறாதவன் இந்த உலகத்தில் அவன் ஒருவன்தான்.

சவரிமுத்து அண்ணன் "போதுமாம்மா?" என்று கேட்டபோது என்ன சொன்னேன் என்பதும் ஞாபகமிருக்கிறது. "இன்னும் கொஞ்சம் வெளுப்பா வைங்கண்ணே" என்றேன். இரண்டு தடவை சொன்னேன். திருச்சிக்காரர்கள் கண்ணில் பட்டால் என்ன நினைப்பார்களோ என்று பயம். அவனை ஒளித்து வைத்த அதே பயம். அவனைத் தேடுகிற போஸ்டரிலேயே அவனை ஒளித்து வைத்துவிட்டேன். ஸ்டேஷனிலும் அதையேதான் செய்தேன்.

அந்தச் சிறுமிக்குத் தன் முகம் தெரிந்தது. என் தம்பிக்குத் தன் முகத்தைத் தெரியாமல் செய்தவள் நான்.

ஜூலை 12, வெள்ளி

திருச்சி வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டேன். கத்தினாள். கத்தட்டும்.

வின்சென்ட்டின் மெசேஜ்: "அக்கா, பால் எபிசோட் செம ஹிட். எல்லாரும் அந்தப் பாப்பா கெடைச்சதப் பத்தியே பேசுறாங்க."

ஜூலை 14, ஞாயிறு

சவரிமுத்து அண்ணன் ஞாயிற்றுக்கிழமையும் கடையைத் திறந்து தந்தார். "பழைய ஃபைல் அப்படியே இருக்கும்மா. 'காணவில்லை'ய எடுத்துட்டு 'கண்ணீர் அஞ்சலி' போட்டாப் போதும்" என்றார். நான் பஸ் பாஸைக் கொடுத்தேன்.

"இதுவா? ரொம்பக் கறுப்பா விழுமேம்மா."

"விழட்டும்ணே."

அவர் கை பழக்கத்தில் மவுஸை முகத்தின் மேல் கொண்டுபோனது. "தொடாதீங்கண்ணே" என்றேன். சட்டையையும் மாற்ற விடவில்லை.

வல்லக்குளம் பிரிவுக்குக் கொண்டுபோய்ப் பால் பூத்தில் பழைய போஸ்டரின் மேலேயே ஒட்டினேன். டீக்கடைக்காரர் பசை வாளியைப் பிடித்துக்கொண்டார். ஒட்டி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று படத்தைப் பார்த்தார்.

"இவருதாங்க" என்றார்.